சேற்றிலும் மணலிலும் ஜாக்கி: ஜீப் எடுத்த புதியவர்களுக்கு

தார், ஜிம்னி, கூர்க்கா, இல்லையென்றால் கைமாறி வந்த பழைய ஜிப்ஸி. ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியவர் அடுத்து ஆசைப்படும் சாமான் பெரும்பாலும் ஹைலிஃப்ட் ஜாக்கிதான். நெஞ்சுயரத்துக்கு நிற்கும் இரும்புச் சட்டம், நீளக் கைப்பிடி, பார்க்கவே கம்பீரம். பின்கதவில் மாட்டிவிட்டால் வண்டிக்கே ஒரு மிடுக்கு வந்துவிடும்.

வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மழை பெய்த கரிசல் காட்டில் இறங்கினால் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும். ஜாக்கியின் காலுக்கு அடியில் போடும் பலகை, வண்டியைப் பிடிக்கும் கொக்கி, வண்டி உருளாமல் நிறுத்தும் கட்டை ஆகியவை இல்லாவிட்டால் அது சுமார் 13 கிலோ எடையுள்ள அலங்காரம். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்தத் துணைச் சாமான்களைப் பற்றியது. வண்டியைத் தூக்குவது, அடியில் நிரப்புவது, தேவைப்பட்டால் இன்னொரு வண்டியால் இழுப்பது என்று வேலை நடக்கும் வரிசையிலேயே போகலாம்.

ஜாக்கியை எடுக்கும் முன்

வண்டி சிக்கியது என்று தெரிந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். சக்கரம் ஒரே இடத்தில் சுற்றச் சுற்றத் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். ஆக்ஸில் மண்ணில் உட்கார்ந்துவிட்டால் பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை அரை நாளைத் தின்றுவிடும். இறங்கிச் சுற்றி வந்து குனிந்து பாருங்கள். எந்தச் சக்கரம் புதைந்திருக்கிறது, எது சும்மா தொங்குகிறது, டிஃபரன்ஷியல் ஹவுசிங் (ஆக்ஸிலின் நடுவில் உள்ள இரும்புக் குடம்) தரையைத் தொடுகிறதா, சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் எங்காவது கல்லிலோ மேட்டிலோ உட்கார்ந்திருக்கிறதா?

அடுத்தது காற்று. சாலையில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை வைத்திருப்போம். மணலில் நான்கு சக்கரங்களையும் 18-க்கு இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஏனென்றால் டயர் அகலமாகவும் நீளமாகவும் படிந்து பாரத்தைப் பரப்பிக்கொள்ளும். சேற்றிலும் கல்லிலும் 20, 22 போதும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு, புதியவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்ற ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் வேண்டும். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது பெரிய டயருக்குத் திணறும், ஃபியூஸையும் பறிகொடுப்பீர்கள். காற்றளவு மீட்டர் தனியாக ஒன்று இருக்கட்டும்.

மூன்றாவது மண்வெட்டி. ஆஃப்ரோடு கடைகளில் மடக்கும் சிறு மண்வாரியை அழகான உறையில் போட்டு விற்கிறார்கள். அதை வைத்து ஆக்ஸிலுக்கு அடியில் தோண்டிப் பாருங்கள், பத்தாவது நிமிடம் முதுகு சொல்லும். நம்மூர் வயல் மண்வெட்டி சேற்றை இழுத்துப்போட அருமையான கருவி. டயருக்கு முன்னால் உள்ள மண்ணைச் சரிவாக வெட்டி, டிஃபரன்ஷியல் தொடும் இடத்தைத் துப்புரவாக்கினால் பல நேரம் ஜாக்கிக்கு வேலையே இருக்காது.

காற்றை இறக்கி, தோண்டி, அதற்கும் அசையவில்லை என்றால்தான் ஜாக்கி.

எந்த ஜாக்கி

வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி சமதளத்தில் ஸ்டெப்னி மாற்றுவதற்கானது. உயரம் பத்தாது, கால் சின்னது. ஆனாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கீழே நல்ல பலகை போட்டால் அதுவும் ஓரளவு உதவும்.

பாட்டில் ஜாக்கி என்கிற ஹைட்ராலிக் ஜாக்கியை லாரிக்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். விலை குறைவு, பலம் அதிகம், கையாள்வதும் சுலபம். ஆக்ஸில் குழாயின் கீழே நேரடியாக வைத்துத் தூக்கலாம். குறை என்னவென்றால், சேற்றில் ஆக்ஸிலே புதைந்திருக்கும்போது அதை நுழைக்க இடம் இருக்காது. புதிய தாரின் முன்பக்கம் போல முழு ஆக்ஸில் இல்லாத வண்டிகளில் எங்கே வைக்கவேண்டும் என்பதைக் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்யவேண்டும். பாட்டில் ஜாக்கியை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள், சாய்த்துப் போட்டால் எண்ணெய் கசியும்.

ஹைலிஃப்ட் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சாமான். 1905-லிருந்து செய்துவருகிறார்கள். பண்ணை வேலைக்காகப் பிறந்தது, அதனால் 'ஃபார்ம் ஜாக்' என்றும் பெயர். 36, 42, 48, 60 அங்குல உயரங்களில் கிடைக்கிறது. நம் வண்டிகளுக்கு 48 அங்குலம் சரி. அந்த நிறுவனம் சொல்லும் அதிகபட்சப் பாரம் 4,660 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,100 கிலோ. அதே உருவத்தில் பல நகல்கள் பாதி விலையில் வருகின்றன. வாங்குவதென்றால் வார்ப்பில் வெடிப்பு, பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள், பின்கள் துளையில் முழுதாக உட்காருகின்றனவா என்றும் பாருங்கள், மாற்று உதிரிகள் கிடைக்குமா என்று கேளுங்கள். உதிரி கிடைக்காத ஜாக்கியை வாங்கவேண்டாம் என்பதே என் கட்சி.

புகைக்குழாயிலிருந்து காற்றை நிரப்பித் தூக்கும் பை ஜாக்கியும் உண்டு. மிருதுவான மணலில் அது ராஜா, அடிப்பரப்பு பெரிது என்பதால் புதையாது. ஆனால் வண்டியின் அடியில் கூரான போல்ட்டோ சூடான சைலன்சரோ பட்டால் பை போச்சு. மேலும் கீழும் தடித்த ரப்பர் விரிப்பு போட்டுத்தான் பயன்படுத்தவேண்டும். தூக்கியபின் வண்டி பக்கவாட்டில் வழுக்குவதும் உண்டு. முதல் ஜாக்கியாக இதை வாங்கச் சொல்லமாட்டேன்.

முதல் துணைச் சாமான்: பலகை

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஹைலிஃப்ட் ஜாக்கியின் கால் தட்டு ஏறக்குறைய நாலரை அங்குலத்துக்கு ஏழு அங்குலம், அதாவது சுமார் 200 சதுர செ.மீ. தார் போன்ற வண்டியின் ஒரு மூலையைத் தூக்கினால் அதன்மேல் குறைந்தது 400 கிலோ இறங்கும். ஒரு சதுர செ.மீ.க்கு 2 கிலோ. இதை டயர்க் கணக்கில் சொன்னால் 28 பி.எஸ்.ஐ. இப்போது யோசியுங்கள்: மணலில் 30 பி.எஸ்.ஐ. வைத்த டயர் புதைந்தது என்றுதானே காற்றை 18-க்கு இறக்கினோம்? அதே மணலில் 28 பி.எஸ்.ஐ. அழுத்தும் ஜாக்கிக் கால் மட்டும் எப்படி நிற்கும்?

அதன் அடியில் 30 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் ஒரு பலகையைப் போடுங்கள். பரப்பு 900 சதுர செ.மீ. ஆகிவிடும், அழுத்தம் ஆறேழு பி.எஸ்.ஐ.தான். காற்று இறக்கிய டயரைவிடக் குறைவு. அவ்வளவுதான் விஷயம். பம்பரின் நடுவில் கொடுத்து இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கினால் பாரம் இரட்டிக்கும், அப்போது 40 செ.மீ. பலகை இருந்தால் நல்லது.

கடையில் இதற்கென்றே ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் அடித்தளம் விற்கிறார்கள். ஜாக்கியின் கால் உட்காரக் குழி இருக்கும், நகராது, இலேசாகவும் இருக்கும். கையில் காசிருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் தச்சரிடம் போய் 25 மி.மீ. மரைன் பிளைவுட்டில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். 18 மி.மீ. பலகைதான் கிடைக்கிறது என்றால் இரண்டை ஒட்டித் திருகிக்கொள்ளலாம். சொல்லவேண்டியவை மூன்று: ஜாக்கிக் கால் வழுக்காதபடி மேலே நாலு பக்கமும் சிறு சட்டம் அடிக்கவேண்டும், ஓரத்தில் துளைபோட்டுக் கயிறு கோக்கவேண்டும், வார்னிஷ் அடிக்கவேண்டும். கயிறு எதற்கு என்றால், வேலை முடிந்ததும் சேறு பலகையை விடாது, இழுத்துத்தான் எடுக்கவேண்டியிருக்கும். மெல்லிய பலகை கூடாது. நடுவில் வளைந்தால் பரப்பு இருந்தும் பயனில்லை.

பலகையைச் சேற்றின்மேல் அப்படியே வைத்துவிடக் கூடாது. மேல் கூழை வழித்துவிட்டு, கொஞ்சம் கெட்டியான மண் வந்ததும் மட்டமாக்கி வையுங்கள். பலகை சாய்ந்தால் ஜாக்கி சாயும், ஜாக்கி சாய்ந்தால் வண்டி விழும். பாட்டில் ஜாக்கிக்கும் கத்தரி ஜாக்கிக்கும் இதே பலகை போதும். உயரம் பத்தவில்லை என்றால் கட்டையை ஜாக்கியின் கீழே அடுக்குங்கள். ஜாக்கித் தலைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே துண்டுக் கட்டை வைப்பது வழுக்கி விழ வழி.

இரண்டாவது: எங்கே பிடித்துத் தூக்குவது

புதியவர்கள் பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் இதை யோசிக்கிறார்கள். ஹைலிஃப்ட் ஜாக்கியின் நாக்கு ஒரு கெட்டியான இரும்பு விளிம்பின் கீழே நுழையவேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் வண்டிகளில் கனத்த இரும்பு பம்பர் இருக்கும், அதில் ஜாக்கிக்கென்றே துளைகள் இருக்கும். நம் வண்டிகளில் கம்பெனியிலிருந்து வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பம்பர். அதில் நாக்கைக் கொடுத்தால் பம்பர் மட்டும் மேலே வரும், வண்டி அங்கேயே இருக்கும்.

சரி, இரும்பு பம்பர் மாட்டிவிடலாமே என்றால் சட்டம் குறுக்கே வருகிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் போன்றவை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை மீறுபவை என்று மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரிக்கும் ஆபத்து, ஏர்பேக் சென்சார் வேலைசெய்வதையும் கெடுக்கலாம். ஆகவே சாலையில் ஓட்டும் வண்டிக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மிச்சம் இருப்பது சக்கரத்தையே பிடித்துத் தூக்குவது. அதற்கான துணைச் சாமான் 'லிஃப்ட் மேட்'. ஜாக்கியின் நாக்கில் மாட்டும் ஒரு இரும்புத் துண்டு, அதிலிருந்து பட்டையில் தொங்கும் இரண்டு கொக்கிகள். கொக்கிகளை ரிம்மின் ஸ்போக் இடைவெளியில் மாட்டி ஜாக்கியை ஏற்றினால் சக்கரமே நேராக மேலே வரும். கம்பெனி பம்பரோடு ஓட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு ஹைலிஃப்டைப் பயனுள்ளதாக ஆக்குவது இந்த ஒரு சாமான்தான். ஜாக்கியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. பம்பரையோ சேஸிஸையோ தூக்கும்போது முதலில் உடம்பு மட்டும் மேலே போகும். ஸ்பிரிங் நீண்டுகொண்டே வரும், டயர் குழியிலேயே கிடக்கும். ஒரு சாண் உயர்த்திய பிறகும் டயர் அசைந்திருக்காது. அதற்குள் ஜாக்கி உயரமாகி ஆடத் தொடங்கிவிடும். சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினால் முதல் அடியிலிருந்தே டயர் எழும்புகிறது. வண்டி தாழ்வாகவே இருக்கும், ஆட்டமும் குறைவு. ஆனால் பஞ்சர் ஆன சக்கரத்தை இப்படித் தூக்கிக் கழற்ற முடியாது, அதையேதானே பிடித்திருக்கிறோம்! பஞ்சருக்குப் பாட்டில் ஜாக்கி.

வீட்டில் வைத்து ஒருமுறை உங்கள் ரிம்மில் கொக்கி நுழைகிறதா, பிரேக் காலிபரிலோ காற்று வால்விலோ இடிக்கிறதா என்று பாருங்கள். சிறு துளைகள் மட்டுமே உள்ள ஸ்டீல் ரிம்மில் சில சமயம் நுழையாது.

சக்கரத்தைப் பிடிக்க வழியில்லை என்றால் ஒரு ராட்செட் பட்டையால் ஆக்ஸிலைச் சேஸிஸோடு இறுக்கிக் கட்டிவிட்டு உடம்பைத் தூக்கலாம். ஸ்பிரிங் நீளாது, டயரும் கூடவே வரும். முழு ஆக்ஸில் உள்ள வண்டிகளுக்கு நல்ல உத்தி இது. பிரேக் குழாயும் ஒயரும் பட்டைக்குள் மாட்டவில்லையா என்று தடவிப் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

மூன்றாவது: கட்டை

லாரி கிளீனர்கள் இறங்கியதும் முதலில் செய்வது சக்கரத்துக்குக் கட்டை போடுவது. நாம் காரில் பழகியதால் ஹேண்ட் பிரேக்கை நம்பிவிடுகிறோம். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தையே தூக்கிவிட்டால் அது பிடிப்பதற்கு எதுவும் இல்லை. டூ வீல் டிரைவில் கியரில் நிறுத்தினாலும், ஒரு பின்சக்கரம் தரையை விட்டதும் டிஃபரன்ஷியல் வழியாக மற்றது தாராளமாக உருளும்.

எனவே ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவான கியரில் இயங்கும் நிலை), கியர், ஹேண்ட் பிரேக் மூன்றையும் போட்டுவிட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ரப்பர் கட்டை சேற்றில் நன்றாகப் பிடிக்கும். மர ஆப்பும் சரி. உருண்டைக் கல்லை வைத்தால் அதுவும் வண்டியோடு சேர்ந்து உருளும்.

படிப்படியாகத் தூக்குவது

ஹைலிஃப்ட் வேகமாக வேலைசெய்யும், கவனம் தவறினால் தாடையையும் உடைக்கும். அதன் கைப்பிடி ஒரு நெம்புகோல், பாரம் முழுக்க அதன் முனையில் காத்துக்கொண்டிருக்கிறது. கீழே உள்ளதைச் சமதளத்தில், காய்ந்த நாளில், ஒருமுறை செய்து பழகிவிட்டுத்தான் சேற்றுக்குப் போகவேண்டும்.

1. எல்லோரையும் இறக்கிவிடுங்கள். குழந்தைகள் தூரமாக. கட்டை போட்டாயிற்றா என்று மறுபடி பாருங்கள். கையுறை போடுங்கள்.

2. பலகையை மட்டமாக வைத்து, அதன் நடுவில் ஜாக்கியை நிறுத்துங்கள். சட்டம் செங்குத்தாக நிற்கவேண்டும்.

3. திசை மாற்றும் சிறு தாழ்ப்பாளை மேல்நிலைக்குத் தள்ளி, நாக்கையோ லிஃப்ட் மேட்டையோ மாட்டும் உயரத்துக்குக் கையாலேயே ஏற்றுங்கள். பாரம் ஏறும்வரை ஒரு கையால் சட்டத்தைப் பிடித்திருங்கள்.

4. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து முழுதாக மேலும் கீழும் அடியுங்கள். ஒவ்வொரு அடியிலும் பின் துளையில் விழும் 'டக்' சத்தம் கேட்கவேண்டும். கேட்காமல் அடுத்த அடி கூடாது. முகமும் தலையும் கைப்பிடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் வரவே கூடாது, பக்கவாட்டில் நில்லுங்கள்.

5. நாலைந்து அடிக்கு ஒருமுறை நிறுத்தி, பலகை சாய்கிறதா, ஜாக்கி சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். சாய்ந்த ஜாக்கியைத் தள்ளி நிமிர்த்தும் வீரம் வேண்டாம்.

6. வேண்டிய உயரம் வந்ததும் கைப்பிடியைச் சட்டத்தோடு ஒட்டி நிமிர்த்தி, கிளிப்பில் மாட்டுங்கள். கைப்பிடி தொங்கிக்கொண்டிருக்கும்போது ஜாக்கியை விட்டு நகரக் கூடாது.

7. டயரின் கீழே நிரப்புங்கள். கையை உள்ளே விடாமல் மண்வெட்டியாலோ கம்பாலோ தள்ளுங்கள். வண்டிக்கு அடியில் தலையோ தோளோ போகக் கூடாது.

8. இறக்குவதுதான் ஆபத்தான கட்டம். கைப்பிடி சட்டத்தோடு நிமிர்ந்து இருக்கும்போது மட்டுமே தாழ்ப்பாளைக் கீழ்நிலைக்கு மாற்றுங்கள். ஏற்றும்போது நாம்தான் பாரத்தை எதிர்த்துக் கைப்பிடியைக் கீழே அழுத்துகிறோம். இறக்கும்போது வண்டியின் பாரம் கைப்பிடியை மேலே தூக்கும், நாம் அதை அடக்கி அடக்கி விடவேண்டும்.

9. பிடி நழுவிவிட்டால் விட்டுவிட்டு விலகி ஓடுங்கள். கைப்பிடி தானாகவே படபடவென்று மேலும் கீழும் அடித்துக்கொண்டு வண்டியை இறக்கும். அதைப் பிடிக்கப் போனவர்களுக்குத்தான் கையும் பல்லும் போயிருக்கின்றன.

இன்னொன்று, ஜாக்கி ஒவ்வொரு துளையாக இறங்குவதற்கு அதன்மேல் குறைந்தது 150 பவுண்டு, சுமார் 70 கிலோ, பாரம் இருக்கவேண்டும். அதற்குக் கீழே என்றால் படிப்படியாக வராது, சரிந்து கீழே விழும். டயர் தரையைத் தொட்டு பாரம் கழன்றதும் இது நடக்கும். திடுக்கிடாதீர்கள், விரலை மட்டும் விலக்கி வையுங்கள்.

வீடியோக்களில் வண்டியை ஜாக்கியில் உயர்த்திவிட்டு அப்படியே பக்கவாட்டில் தள்ளி, தடத்தை விட்டு வெளியே விழவைப்பார்கள். புதியவர்கள் அதைச் செய்யவேண்டாம், பார்த்ததோடு சரி.

தூக்கிய பின் கீழே என்ன போடுவது

டயர் எழும்பியதும் குழியை நிரப்பவேண்டும். கல், செங்கல் துண்டு, விறகு, கையில் எது கிடைக்கிறதோ அது. மணலில் தென்னை மட்டையும் பனை மட்டையும் ஈரச் சாக்கும் காலங்காலமாக நம் மீனவர்களும் மாட்டுவண்டிக்காரர்களும் போட்டு வந்தவை, இன்றும் வேலைசெய்கின்றன. வேலி முள்ளை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இதற்கென்றே வந்த சாமான்தான் டிராக்‌ஷன் போர்டு. ஆஸ்திரேலியாவின் மேக்ஸ்டிராக்ஸ் 2005-ல் இதைப் பிரபலமாக்கியது, இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. நைலான் கலந்த கெட்டிப் பலகை, மேலே பற்கள். டயர் போகவேண்டிய திசையில், அதன் கீழே முடிந்தவரை நுழைத்து வைத்து, ஃபோர் லோவில் முதல் கியரில் மெதுவாக ஏற்றவேண்டும். சக்கரம் சுற்றினால் பற்கள் உருகிவிடும், பலகை பின்னால் பறக்கும். அதனால் பலகைக்கு நேர் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. முனையில் நீளமாகச் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். சேற்றுக்குள் போன பலகையைத் தேடுவது பெரிய கூத்து.

ஒரே ஒரு வண்டியில் தனியாகப் போகிறவருக்கு, வடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச்சை விட இரண்டு டிராக்‌ஷன் போர்டு மேல் என்பது என் எண்ணம். தேரிக்காட்டுச் செம்மணலிலும் ஆற்று மணலிலும் வின்ச்சைக் கட்ட மரம் எங்கே இருக்கிறது?

இன்னொரு வண்டி இழுப்பதென்றால்

இழுக்கும் பட்டையில் இரண்டு சாதி. சாதாரண டோ ரோப், வயர் ரோப், சங்கிலி ஆகியவை நீளாதவை. உருளக்கூடிய வண்டியைச் சாலையில் மெதுவாக இழுக்க மட்டுமே இவை. நைலானில் செய்த ஸ்னாட்ச் பட்டை ஏறக்குறைய 20 சதவீதமும், கைனடிக் ரோப் 30 சதவீதம் வரையிலும் நீளும். இழுக்கும் வண்டியின் ஓட்டத்தைச் சேமித்து, சிக்கிய வண்டியை மெல்ல உருவி எடுக்கும். டோ ரோப்பால் வெட்டி இழுத்தால் எங்காவது ஒன்று உடைந்தே தீரும்.

பட்டையின் பலம், இரண்டு வண்டியில் இலேசானதன் மொத்த எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கட்டும். ஜிம்னிக்கு நாலைந்து டன், தாருக்கு ஆறேழு டன். எதற்கும் இருக்கட்டும் என்று 15 டன் பட்டை வாங்கினால் இலேசான வண்டிக்கு அது நீளவே நீளாது, சங்கிலி மாதிரி வெட்டும்.

எங்கே மாட்டுவது? சேஸிஸில் போல்ட் போட்ட, இழுப்பதற்கென்றே உள்ள கொக்கியில் மட்டும். முன்பம்பரின் சிறு மூடியைத் திறந்து திருகி மாட்டும் வளையம் சாலையில் மெதுவாக இழுக்க மட்டுமே, ஸ்னாட்ச் இழுப்புக்கு ஆகாது. டிரெய்லர் மாட்டும் குண்டில் எக்காரணம் கொண்டும் பட்டையை மாட்டாதீர்கள். குண்டு உடைந்தால் பட்டையோடு சேர்ந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும், உயிர்கள் போயிருக்கின்றன.

பட்டையைக் கொக்கியோடு இணைக்கும் வளையமான ஷாக்கிளில் எழுத்து இருக்கவேண்டும். 19 மி.மீ. வளைவு ஷாக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருக்கும், நமக்கு அது போதும். ஒன்றும் பொறிக்காத ஹார்ட்வேர் கடை ஷாக்கிள் பந்தல் போடத்தான் லாயக்கு. திருகாணியை முழுதாக இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். இல்லையென்றால் இழுத்தபின் கையால் கழற்ற முடியாது. டைனீமா நாரில் பின்னிய சாஃப்ட் ஷாக்கிள் இன்னும் நல்லது. எடை குறைவு, அறுந்தாலும் இரும்புக் குண்டாகப் பறக்காது. கூரான விளிம்பில் மட்டும் உராயவிடக் கூடாது.

பட்டை பத்தவில்லை என்று இரண்டைச் சேர்க்கும்போது நடுவில் இரும்பு ஷாக்கிள் போடாதீர்கள். ஒன்றின் கண்ணில் மற்றதைக் கோத்து, முடிச்சின் நடுவே சுருட்டிய பழைய வாரப்பத்திரிகையை வைத்தால் இறுகிப்போகாது.

இழுக்கும் வண்டி, சிக்கியதற்கு நேராக நிற்கட்டும். பட்டையில் இரண்டு மூன்று மீட்டர் தளர்வு விட்டு, முதல் தடவை மிக மெதுவாக. வரவில்லை என்றால் மறுபடி தோண்டுங்கள், வேகத்தைக் கூட்டுவது இரண்டாம் பட்சம். பட்டை அறுந்தால் வீச்சு குறைய, அதன் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போர்த்துங்கள். ஓட்டுநர்கள் தவிர மற்ற எல்லோரும் பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் நிற்கவேண்டும். சைகை காட்ட ஒரே ஓர் ஆள். ஊரே கூடி 'இழு இழு' என்று கத்தும்போதுதான் தப்பு நடக்கும்.

ஹைலிஃப்டைப் படுக்கவைத்து, சங்கிலி மாட்டிக் கைவின்ச்சாகப் பயன்படுத்தும் கிட்டும் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு மீட்டருக்குள்தான் நகரும், பின் சங்கிலியை மாற்றிப் பிடிக்கவேண்டும். வேறு வழியே இல்லாதபோது சரி. அதற்குப் பதில் கட்டுமான வேலைக்கு விற்கும் நெம்புகோல் செயின் புல்லர் ஒன்றை வாங்கி வைத்தால் வேலை சுலபம்.

எங்கே மாட்டுவது, எப்படிப் பேணுவது

13 கிலோ இரும்பை வண்டிக்குள் சும்மா போட்டுவைக்காதீர்கள். வண்டி கவிழ்ந்தால் அது உள்ளே என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. போல்ட் போட்ட பிடிப்பில் கட்டுங்கள். கைப்பிடி லொடலொடவென்று ஆடாமல் இருக்க யூரித்தேன் வளையம் ஒன்று விற்கிறார்கள். சின்னச் சாமான், ஆனால் மேகமலை ரோட்டில் இரண்டு மணி நேரம் போனால் அதன் அருமை தெரியும்.

வெளியே மாட்டினால் பொறிமுறைப் பகுதிக்கு உறை போடவேண்டும். மண்ணும் துருவும் ஏறினால் பின்கள் ஒட்டிக்கொண்டு துளையில் விழாது, பாரத்தின் கீழே அது நடந்தால் விபரீதம். கிரீஸ் போடக் கூடாது, புழுதியை இழுத்து அடைத்துக்கொள்ளும். கழுவிக் காயவைத்து மெல்லிய எண்ணெய் ஸ்பிரே அடித்தால் போதும். உதிரிப் பை ஒன்று கிடைக்கும்: இரண்டு பின், ஸ்பிரிங்குகள், ஷியர் போல்ட். பாரம் மீறினால் தான் உடைந்து ஜாக்கியைக் காப்பதற்காகவே உள்ள போல்ட் அது. உடைந்தால் அதே வகையைத்தான் போடவேண்டும். கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போட்டால், அடுத்த முறை அது உடையாமல் வேறேதாவது உடையும்.

நைலான் பட்டையை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். உள்ளே மணல் இருந்தால் நாரை அறுக்கும். ஓரத்தில் வெட்டு விழுந்த பட்டையைக் கார் கழுவும்போது தடுப்புக் கயிறாகக் கட்டலாம், இழுக்கக் கூடாது.

என்ன வரிசையில் வாங்குவது

காசு ஒரேயடியாக இருக்காது என்பதால் என் வரிசையைச் சொல்கிறேன். முதல் மாதம்: காற்றளவு மீட்டர், கம்ப்ரஸர், மண்வெட்டி, பிளைவுட் பலகை, இரண்டு கட்டை. இதோடு வண்டியின் ஜாக்கியை வைத்தே நிறையச் சமாளிக்கலாம். அடுத்து ஸ்னாட்ச் பட்டை, இரண்டு சாஃப்ட் ஷாக்கிள், சரியான இழுப்புக் கொக்கி. அப்புறம் டிராக்‌ஷன் போர்டு. பாட்டில் ஜாக்கி அதற்கும் அப்புறம். ஹைலிஃப்டும் லிஃப்ட் மேட்டும் கடைசியில், இரண்டும் சேர்ந்தே.

பழகிப் பார்க்கத் தெரிந்தவரின் தரிசு நிலமோ, ஆஃப்ரோடு பயிற்சிக்கென்று உள்ள தனியார் தடமோ நல்லது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை விட்டால் வனத்துறை வழக்கு நிச்சயம். கடற்கரையும் வேண்டாம். சென்னைப் பக்கத்துக் கரையில் ஜனவரியிலிருந்தே பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட வரும், டயர் ஏறினால் மணலுக்குள் இருக்கும் முட்டைகள் நசுங்கிவிடும். பயிற்சி முடிந்து தார்ச்சாலை ஏறும் முன் நாலு டயரிலும் காற்றைத் திரும்ப ஏற்றுங்கள். 18 பி.எஸ்.ஐ.யில் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.